பிழைக் காசு தேடுவது எப்படி: அக்கசாலையிலிருந்து தொடங்கும் ஒரு வழிகாட்டி

எங்கள் வீட்டு உண்டியலில் ஓர் ஓட்டைக் காலணா கிடந்தது. நடுவில் ஓட்டையோடு இருந்த அந்தக் காசை யாரோ தவறாக அடித்துவிட்டார்கள் என்றுதான் சின்ன வயதில் நம்பிக்கொண்டிருந்தேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உலோகத்தை மிச்சம் பிடிக்க, 1943 முதல் 1947 வரை ஓட்டையோடே அடிக்கப்பட்ட காசு அது என்று பிற்பாடு தெரிந்தது. அது பிழையே இல்லை. வருடங்கள் கழித்து ஒரு சேகரிப்பாளர் இன்னொரு ஓட்டைக் காலணாவைக் கையில் வைத்தார். அதில் ஓட்டை நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. "இதுதாம்பா பிழை. அடிக்கிறதுக்கு முன்னாடி வில்லையில ஓட்டை போடும்போதே நகர்ந்திருக்கு" என்றார்.

அவர் சொன்ன இரண்டாவது வாக்கியத்தில்தான் இந்தப் பொழுதுபோக்கு முழுவதும் இருக்கிறது. ஒரு காசு வித்தியாசமாகத் தெரிந்தால் விலை என்ன என்று கேட்பதற்கு முன்னால், இது அக்கசாலையில், அதாவது காசு அடிக்கும் ஆலையில், எந்தக் கட்டத்தில் நடந்திருக்கும் என்று கேளுங்கள். பதில் கிடைத்தால் அது பிழைக் காசு, சேகரிப்பாளர்கள் வழக்கில் எரர் காயின். பதில் கிடைக்காவிட்டால் பெரும்பாலும் வெளியே வந்தபிறகு அடிபட்டது, அல்லது யாரோ வேண்டுமென்றே செய்தது. அதனால் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, காசு அடிக்கும் வேலையைப் புரிந்துகொள்வதுதான் முதல் படி.

காசு அடிக்கும் வேலை

முதலில் உலோகத்தை நீளமான தகடாக உருட்டுகிறார்கள். அந்தத் தகட்டிலிருந்து ஓர் இயந்திரம் வட்ட வட்டமாக வில்லைகளை வெட்டித் தள்ளும். அம்மா பூரி மாவைத் தேய்த்து டப்பா மூடியால் வட்டம் வெட்டுவாரே, அதே வேலைதான். அப்புறம் வில்லையின் ஓரத்தை நெருக்கி லேசாக மேடாக்குவார்கள். அடுத்து உலையில் சூடாக்கி இளக்கி, கழுவிக் காயவைப்பார்கள். கடைசியில் அச்சு இயந்திரம். மேலே ஓர் அச்சு, கீழே ஓர் அச்சு, வில்லையைச் சுற்றி இறுக்கமாக ஒரு வளையம். இந்த வளையத்தைக் காலர் என்பார்கள். ஒரே அடியில் இரு பக்கமும் உருவம் விழும். உலோகம் பக்கவாட்டில் பிதுங்கி ஓடாமல் காலர் தடுக்கும். பல காசுகளின் விளிம்பில் விரலால் தடவினால் தெரியும் வரிகளும் அந்தக் காலர் தருவதுதான்.

ஆகப் பிழைகள் மூன்று குடும்பம்: வில்லையில் வந்தது, அச்சில் வந்தது, அடிக்கும் நேரத்தில் வந்தது.

வில்லையில் வந்த பிழைகள்

பூரி உதாரணத்தையே வைத்துக்கொள்வோம். ஏற்கெனவே வட்டம் வெட்டிய இடத்தின் மேல் மூடி மறுபடி விழுந்தால் அடுத்த பூரியில் பிறை வடிவில் ஒரு கடி விழும். காசிலும் அப்படித்தான். இதைக் கிளிப் என்பார்கள். தகட்டின் ஓரத்தில் வெட்டு விழுந்தால் கடி நேர்க்கோடாக இருக்கும்.

அரத்தால் ராவினாலும் இதே வடிவம் வருமே என்று தோன்றும். இங்கே ஓர் அழகான சோதனை உண்டு. கடித்த இடத்துக்கு நேர் எதிர்ப்பக்க விளிம்பைப் பாருங்கள். அசல் கிளிப்பாக இருந்தால் பெரும்பாலும் அந்த எதிர்ப்பக்க விளிம்பு மங்கியோ தட்டையாகவோ இருக்கும். ஓரத்தை மேடாக்கும் இயந்திரம் வில்லையை இரண்டு பக்கமும் நெருக்கித்தான் வேலை செய்யும். ஒரு பக்கம் உலோகமே இல்லையென்றால் எதிர்ப்பக்கத்திலும் அழுத்தம் கிடைக்காது. இதற்கு பிளேக்ஸ்லி விளைவு என்று பெயர். கடையில் அரத்தால் ராவியவருக்கு எதிர்ப்பக்கத்தை இப்படிச் செய்யத் தோன்றாது. இது புரிந்த நாளில்தான் இந்தத் துறையின் மேல் எனக்கு உண்மையான மோகம் பிடித்தது.

உருவமே விழாத வெறும் வில்லை, ஏடு ஏடாக உரியும் மேற்பரப்பு, வேறு மதிப்புக் காசுக்கு வைத்திருந்த வில்லையில் விழுந்த உருவம், எல்லாம் இந்தக் குடும்பம்தான். கடைசி வகையைத் தராசுதான் காட்டிக்கொடுக்கும். 2011-இல் வந்த வடிவத்தில் ஒரு ரூபாய் 22 மில்லிமீட்டர் அகலம், 3.79 கிராம். அதே வருடம் வந்த புதிய இரண்டு ரூபாய் 25 மில்லிமீட்டர், 4.85 கிராம். இரண்டு ரூபாய் உருவம் ஓரங்கள் வெட்டுப்பட்டு விழுந்திருக்க, எடையும் 3.79 கிராம் காட்டினால் உட்கார்ந்து நிதானமாகப் பார்க்க வேண்டிய காசு அது.

அச்சில் வந்த பிழைகள்

ஒரு விதியை மட்டும் மனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். அச்சில் பள்ளமாக இருப்பது காசில் மேடாக வரும். அச்சில் விரிசல் விட்டிருந்தால் அந்தப் பள்ளத்தில் உலோகம் புகுந்து, காசில் மெல்லிய மேட்டுக் கோடாகத் தெரியும். இதுதான் டை கிராக். காசின் மேல் கோடு பள்ளமாக இருந்தால் அது பெரும்பாலும் பிறகு விழுந்த கீறல். நகத்தால் மெல்லத் தடவினாலே வித்தியாசம் தெரியும். விரிசல் முற்றி அச்சின் ஓரத்தில் ஒரு துண்டு உடைந்தே போனால், காசில் அந்த இடம் உருவமில்லாத மொழுமொழு மேடாக வரும். அதற்குக் 'கட்' என்று பெயர்.

அச்சின் எழுத்துப் பள்ளங்களில் எண்ணெய்ப் பசையும் அழுக்கும் அடைத்துக்கொண்டால் அந்த எழுத்து காசில் விழாது. வருடத்தில் ஓர் எண் காணோம், 'இந்தியா'வில் ஓர் எழுத்து காணோம் என்பதெல்லாம் இப்படி வருவது. நம் நாட்டுக் காசுகளில் இது சாதாரணம், பெரிய விலை எதிர்பார்க்காதீர்கள். பக்கத்து எழுத்துகள் கூர்மையாக இருக்க ஒன்று மட்டும் மங்கியிருந்தால் அசல். எல்லாமே தேய்ந்திருந்தால் அது பழைய காசு, அவ்வளவுதான்.

இரட்டை அச்சு என்பது இன்னொரு வகை. அச்சு தயாரிக்கும்போதே உருவம் இரண்டு முறை சற்று விலகிப் பதிந்துவிடும். உலகப் புகழ்பெற்ற உதாரணம் அமெரிக்காவின் 1955 ஒரு சென்ட். ஃபிலடெல்ஃபியா அக்கசாலையில் நடந்தது. பிழையைக் கண்டுபிடித்தபோது அந்தக் காசுகள் நல்ல காசுகளோடு கலந்துவிட்டன. 20,000-க்கும் மேற்பட்டவை வெளியே போய்விட்டன. வருடமும் எழுத்துகளும் கண்ணாடியில்லாமலே இரண்டிரண்டாகத் தெரியும். புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடமும் இதுவேதான். அடிக்கும் கணத்தில் அச்சு லேசாக அதிர்ந்தாலும் எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் போல ஒரு படி விழும். அது தட்டையாக, எழுத்தை வழித்துத் தள்ளியது போல இருக்கும், அதற்கு மதிப்பில்லை. அசல் இரட்டை அச்சில் இரண்டு உருவமும் உருண்டு திரண்டு, எழுத்தின் முனைகள் பிளந்து தெரியும்.

இரண்டு பக்கத்துக்கும் பொருந்தாத அச்சுகள் ஜோடி சேர்ந்தால் அது மியூல். பிரிட்டன் 2008-இல் 20 பென்ஸ் காசின் வடிவத்தை மாற்றியபோது, வருடம் பூ பக்கத்திலிருந்து தலை பக்கத்துக்குப் போனது. பழைய தலை அச்சும் புதிய பூ அச்சும் சேர்ந்துவிட, வருடமே இல்லாத காசுகள் புழக்கத்துக்கு வந்தன.

அச்சு சுழன்றுபோன பிழையை இன்றைக்கே உங்கள் சட்டைப்பையில் தேடலாம். ஒரு ரூபாய்க் காசின் சிங்கத் தலை நிமிர்ந்திருக்கும்படி மேலும் கீழுமாக இரண்டு விரலால் பிடியுங்கள். அப்படியே புத்தகப் பக்கம் போல இடம் வலமாகத் திருப்புங்கள். மறுபக்கமும் நிமிர்ந்தே இருக்க வேண்டும். சாய்ந்தோ தலைகீழாகவோ இருந்தால் அச்சு சுழன்றிருக்கிறது. பத்துப் பதினைந்து டிகிரிச் சாய்வை யாரும் பொருட்படுத்துவதில்லை. 90 அல்லது 180 டிகிரி என்றால் எடுத்து வையுங்கள். அமெரிக்கக் காசு இப்படித் திருப்பினால் தலைகீழாகத்தான் வரும். அவர்கள் வழக்கமே அது, பிழை என்று எண்ணி ஏமாறாதீர்கள்.

அடிக்கும் நேரத்தில் வந்த பிழைகள்

பார்த்தவுடன் ஆசை வருபவை இவைதான். வில்லை சரியாகக் காலருக்குள் உட்காராமல் பாதி வெளியே நின்று அடி விழுந்தால், உருவம் ஒரு பக்கமாக ஒதுங்கி மீதி இடம் வெறுமையாக இருக்கும். ஆஃப் சென்டர் என்பார்கள். உருவம் பாதியளவு விலகி, வருடமும் தெரிந்தால் சேகரிப்பாளர்கள் போட்டி போடுவார்கள். வருடம் தெரியாவிட்டால் மதிப்பு சட்டென்று இறங்கும். வில்லை நடுவில் இருந்து, காலர் மட்டும் மேலே வராமல் போனால் உலோகம் பரந்து, காசு வழக்கத்தைவிட அகலமாகும். விளிம்பில் வரி இருக்காது, எடை மட்டும் மாறாது.

எனக்கு மிகப் பிடித்தது புரோக்கேஜ். அடித்த காசு வெளியே விழாமல் அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்த வில்லை வந்து அடிபடும்போது ஒரு பக்கத்தில் அச்சுக்குப் பதிலாக அந்த ஒட்டிய காசு பதியும். ஆகவே ஒரு பக்கம் சிங்கம் வழக்கம் போல மேடாக, மறுபக்கம் அதே சிங்கம் பள்ளமாக, கண்ணாடியில் பார்த்ததுபோல் இடம் வலம் மாறி இருக்கும். முதல் முறை கையில் வாங்கிப் பார்த்தபோது திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

போலியை அடையாளம் காண்பது

புரோக்கேஜுக்கு விலை உண்டு என்பதால் போலியும் உண்டு. இரண்டு காசுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பட்டறை வைஸில் இறுக்கினால் பள்ளமான தலைகீழ் உருவம் கிடைக்கும். ஆனால் அந்தப் பக்கத்தில் முன்பே இருந்த உருவம் முழுசாக அழியாது; நசுங்கி அடியில் தெரியும். மறுபக்கமும் தட்டையாகியிருக்கும். கேள்வி அதேதான்: அக்கசாலையில் இது எப்படி நடக்கும்? நடக்காது.

இரண்டு உலோகப் பத்து ரூபாயில் நான் ஏமாந்தது உண்டு. நடு வில்லை தலைகீழாக இருந்த காசு ஒன்றை ஒரு கண்காட்சியில் நல்ல விலை கொடுத்து வாங்கினேன். வீட்டில் லென்ஸ் வைத்துப் பார்த்தால், வில்லையும் வளையமும் சேரும் இடத்தில் சுற்றிலும் புதுக் கீறல்கள். நடுவை அழுத்தித் தள்ளி, திருப்பிப் பொருத்தியிருக்கிறார்கள். வளையமும் நடுவும் ஒரே அடியில் உருவம் பெறுகின்றன, அடித்தபிறகு பிரித்தால்தான் இது சாத்தியம் என்பதை அன்று யோசித்திருந்தால் பணம் மிஞ்சியிருக்கும்.

அமிலத்தில் போட்டு மெலிதாக்கிய காசு எடை குறைந்து, எல்லா எழுத்தும் ஒரே அளவு மங்கி இருக்கும். இரண்டு பக்கமும் தலை உள்ள காசு பெரும்பாலும் மாய வித்தைக்காகக் கடைந்து ஒட்டியது. விளிம்போரமாக உள்பக்கம் ஒரு மெல்லிய இணைப்புக் கோடு தெரியும். ரயில் தண்டவாளத்தில் வைத்து நசுக்கியதை விற்க வருபவர்களும் உண்டு.

பிழையல்லாத வேறுபாடுகளும் குழப்பும். பத்து ரூபாயில் பத்துக் கோடு, பதினைந்து கோடு என்று இரண்டு விதம் பார்த்துவிட்டு, ஒன்று கள்ளக் காசு என்று நம் ஊர்க் கடைகளில் எத்தனை வருடம் வாங்க மறுத்தார்கள்! ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று அறிவித்தது. அவை வடிவ மாற்றங்கள், அவ்வளவுதான். 1911-இல் வந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயும் அப்படித்தான். அரசரின் அங்கியில் இருந்த யானை பன்றி போலத் தெரிந்ததால் எதிர்ப்பு கிளம்பி, அடுத்த வருடமே யானையைத் திருத்தினார்கள். பன்றி ரூபாய் என்று இன்றும் தேடி வாங்குகிறார்கள். ஆனால் அதில் அக்கசாலை இயந்திரம் எந்தத் தப்பும் செய்யவில்லை.

என்னென்ன வாங்க வேண்டும்

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று, நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பார்களே அது. 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு. அகலம் அளக்க ஒரு வெர்னியர் காலிப்பர். ஒரு காந்தம். இது போதும். 1992 முதல் 2004 வரை வந்த ஸ்டீல் ஒரு ரூபாய் காந்தத்தில் ஒட்டும். 25 மில்லிமீட்டர், 4.85 கிராம். 1992-இல் வந்த தடித்த ஐந்து ரூபாய் செம்பு நிக்கல் கலவை, 9 கிராம், ஒட்டாது. இப்படிச் சரியான அளவுகள் கைவசம் இருந்தால்தான் தப்பானதைக் கண்டுபிடிக்க முடியும்.

விளக்கை நேர் மேலே வைக்காதீர்கள். மேசை விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்தால் மேடு பள்ளம் துல்லியமாகத் தெரியும்.

தொகுப்பை எதிலிருந்து தொடங்குவது

பிழைக் காசை மட்டுமே தேடினால் ஒரு மாதத்தில் சலித்துப்போகும். சாதாரணக் காசுகளின் தொகுப்பு ஒன்று கூடவே வளரட்டும். அதைப் பார்த்துப் பழகிய கண்தான் பிழையைப் பிடிக்கும்.

என் பரிந்துரை ஒரு ரூபாய். செலவு கிட்டத்தட்ட இல்லை. வருடத்துக்குக் கீழே உள்ள சின்னக் குறியைப் பாருங்கள். வைரம் போல் இருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், உருண்டைப் புள்ளி என்றால் நொய்டா, எதுவுமே இல்லையென்றால் கொல்கத்தா. குறி இல்லாததைப் பிழை என்று கொண்டாடிவிடாதீர்கள். கொல்கத்தா வழக்கமே அதுதான். பழைய காசுகளில் வேறு குறிகளும் கிடைக்கும். 1985 ஒரு ரூபாய் சிலவற்றில் எச் என்ற ஆங்கில எழுத்து இருக்கும். இங்கிலாந்தில் பர்மிங்காமின் ஹீட்டன் அக்கசாலையில் அடித்து வந்தவை அவை. வருடத்துக்கு நான்கு அக்கசாலை என்று கட்டம் போட்டு நிரப்பத் தொடங்கினால் சில கட்டங்கள் எளிதில் நிரம்பாது, அதுதான் சுவாரஸ்யம். வடிவங்களையும் கவனியுங்கள். 2007-இல் வந்த கட்டைவிரல் முத்திரை, ரூபாய்க் குறியீடு ஏறிய 2011 வடிவம், 2019-இன் தானியக் கதிர் வடிவம் என்று அந்த ஒரு ரூபாயிலேயே பல முகங்கள்.

நினைவு நாணயங்கள் பிடிக்கும் என்றால் தமிழகம் தொடர்பானவற்றை ஒரு தனி வரிசையாக வைக்கலாம். தஞ்சாவூரில் நடந்த 1995 உலகத் தமிழ் மாநாட்டுத் திருவள்ளுவர், 2003 காமராஜர், தமிழ்க் கையெழுத்தோடு வந்த 2009 அண்ணா, 2010 பெரிய கோயில் ஆயிரம் ஆண்டு.

காசு கிடைக்கும் இடங்கள்? முதலில் வீடு. பாட்டியின் சுருக்குப்பை, பூஜை அறை உண்டியல், யாரும் திறக்காத டிரங்குப் பெட்டி. அப்புறம் வங்கியில் நூறு நூறாகக் கிடைக்கும் சில்லறைப் பாக்கெட்டுகள், டீக்கடை, தெரிந்த கண்டக்டர். பிறகு நாணயக் கண்காட்சிகள். மெட்ராஸ் காயின் சொசைட்டி போன்ற சங்கங்களில் மூத்தவர்களைச் சந்திக்கலாம். அவர்கள் கையில் ஓர் அசல் பிழைக் காசைத் தொட்டுப் பார்ப்பது ஆயிரம் புகைப்படங்களுக்குச் சமம். எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவுக்கு ஒருமுறை போய் வாருங்கள். சென்னைக்காரர்கள் தங்கசாலைத் தெருவில் நடக்கும்போது பெயரைக் கவனியுங்கள், கம்பெனி காலத்து அக்கசாலை இருந்த இடம் அது.

கழுவாதீர்கள்

இதை எவ்வளவு சொன்னாலும் போதாது. 1889-ஆம் ஆண்டு விக்டோரியா காலணா ஒன்று எனக்குக் கிடைத்தது. நன்றாகக் கறுத்து, சாக்லேட் நிறத்தில் இருந்தது. பித்தளைக் குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் புளி போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று ஆனது. நூறு வருடத்துக்கு மேல் சேர்ந்த நிறமும் அதோடு மதிப்பில் பெரும்பகுதியும் வாஷ்பேசினில் போனது. அந்த நிறம் திரும்ப வராது. புளி, எலுமிச்சை, பீதாம்பரி, பற்பசை, எதுவும் வேண்டாம். மண் ஒட்டியிருந்தால் சுத்தமான தண்ணீரில் ஊறவைத்து, தேய்க்காமல் துணியில் ஒற்றி எடுங்கள்.

காசை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். மலிவான மெத்துமெத்தென்ற பி.வி.சி. உறைகள் சில வருடத்தில் கசிந்து காசில் பச்சைப் பிசுக்கு ஏற்றும். நடுவில் மைலார் என்ற மெல்லிய கண்ணாடித் தாள் ஜன்னல் உள்ள சதுர அட்டைகளே நல்லது. நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு, அவ்வப்போது மாற்றுங்கள். அட்டையிலேயே வருடம், அக்கசாலை, எடை, எங்கே எப்போது கிடைத்தது, என்ன விலை என்று எழுதிவிடுங்கள்.

விலை, மோசடி, சட்டம்

வைஷ்ணோ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க்கு லட்சக்கணக்கில் தருகிறோம் என்ற விளம்பரம் உங்கள் கைப்பேசிக்கும் வந்திருக்கும். அது புழக்கத்துக்கு விட்ட நினைவு நாணயம், தேடினால் கிடைக்கும். விற்க ஆசைப்பட்டுத் தொடர்பு கொண்டால் பதிவுக் கட்டணம், வரி, கமிஷன் என்று அவர்கள்தான் உங்களிடம் பணம் கேட்பார்கள். ரிசர்வ் வங்கி 2021-இல் தன் பெயரைச் சொல்லி இப்படிப் பணம் பறிப்பவர்களைப் பற்றி எச்சரித்தது. பழைய நோட்டு, காசு விற்பனையில் வங்கி தலையிடுவதில்லை, கட்டணம் கேட்பதும் இல்லை. காசு வாங்குபவர் உங்களிடம் முன்பணம் கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

உண்மையான விலையை, விற்பவர் கேட்கும் தொகையில் பார்க்காதீர்கள். ஏலத்தில் இதே பிழை கடைசியாக எவ்வளவுக்குப் போனது என்று பாருங்கள். சின்ன மேட்டுக் கோடும் விடுபட்ட எழுத்தும் சொற்ப விலைக்கே போகும். பெரிய தொகைக்கு ஏதாவது வாங்குவதானால் பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. போன்ற அமெரிக்கத் தர நிறுவனங்கள் சோதித்து உறையிட்டதை வாங்குவது பாதுகாப்பு.

சட்டத்தில் மூன்று விஷயம். புழக்கக் காசை உருக்குவதும் சிதைப்பதும் 2011 நாணயச் சட்டப்படி குற்றம், ஏழு ஆண்டு வரை சிறை. நூறு வயது தாண்டிய காசு 1972 தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும், அதை நாமாக வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. நிலம் தோண்டும்போது பழங்காசுப் புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். அதற்கு 1878-இலிருந்தே சட்டம் இருக்கிறது.

முதல் பாக்கெட்

சரி, வங்கியிலிருந்து நூறு ஒரு ரூபாய் கொண்ட பாக்கெட் ஒன்று வாங்கி வாருங்கள். மேசையில் துணி விரித்துக் கொட்டுங்கள். முதல் சுற்றில் லென்ஸ் வேண்டாம்: வடிவம் கெட்டது, விளிம்பு கடிபட்டது, உருவம் ஒதுங்கியது ஏதாவது உண்டா என்று வெறும் கண்ணால் பாருங்கள். இரண்டாம் சுற்றில் ஒவ்வொன்றையும் இடம் வலமாகத் திருப்பி அச்சு சாய்வைப் பாருங்கள். மூன்றாம் சுற்றில் வருடமும் அக்கசாலையும் பார்த்துப் பிரித்து, உங்கள் கட்டத்தில் காலியாக உள்ளதற்கு மிகச் சுத்தமான காசை எடுத்து வையுங்கள். கடைசியாகத்தான் லென்ஸ், சந்தேகமானவற்றை மட்டும் தராசில் வையுங்கள். பழகிவிட்டால் ஒரு மணி நேர வேலை. முதல் பாக்கெட்டில் பெரும்பாலும் நாலைந்து கட்டம் நிரம்பும், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு டை கிராக் கிடைக்கும். எடுத்து வைத்ததை அன்றைக்கே அட்டையில் போட்டு எழுதிவிடுங்கள். மீதியைத் தெருமுனை மளிகைக் கடையில் கொடுத்தால் சில்லறைக்குச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு நோட்டாகத் தருவார்கள். அந்த நோட்டோடு அடுத்த பாக்கெட்டுக்குப் போகலாம்.